எண்ணெய் வேருக்கா, முடிக்கா?

சென்ற கோடை விடுமுறையில் என் மகள் தன் பெண்ணைச் சித்தூரில் எங்களிடம் விட்டுவிட்டு ஊருக்குப் புறப்பட்டாள். பாப்பாவின் துணி எங்கே, பல் பிரஷ் எங்கே, எது கொடுத்தால் சாப்பிடுவாள் என்று எல்லாம் சொன்னபின், கடைசியாகத் தன் அம்மாவிடம் ஒன்று சொன்னாள்:

"அம்மா, பாப்பா தலையில எண்ணெய் மட்டும் வெச்சுடாதீங்க."

சொன்னது அம்மாவிடம். பார்த்தது என்னை.

அந்தப் பார்வைக்குக் காரணம் உண்டு. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதினால் நேர்மையாக இருக்காது. நம் சங்கக் கூட்டங்களில் டிபனுக்குப் பிறகு நடக்கும் பேச்சில் முடி உதிர்தலும் பொடுகும் தவறாமல் இடம்பெறும். "எண்ணெய் வைக்காததால்தான் எல்லாம்" என்று ஒரு கட்சி, "எண்ணெயே வேண்டாம்" என்று ஒரு கட்சி. நான் இரண்டு கட்சியிலும் இருந்தவன். ஆகவே எழுதுகிறேன்.

நான் செய்த வைத்தியம்

1998-ஆம் ஆண்டு. நான் திருப்பதியில் ரயில்வேயில் பர்மனென்ட் வே, அதாவது தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் இருந்தேன். மகள் எட்டாம் வகுப்பு. அவளுக்குத் தலையில் பொடுகு வந்தது. பார்த்தவுடன் தீர்ப்புச் சொல்லிவிட்டேன்: "தலை வறண்டு போச்சு. எண்ணெய் போதவில்லை."

டிப்ளமா படித்த எஞ்சினீயர் சொன்னால் வீட்டில் யார் மறுப்பது? தினமும் இரவு உள்ளங்கை நிறையத் தேங்காய் எண்ணெய். நானே வேர் வேராகப் பிரித்துத் தேய்த்துவிடுவேன். தலைக்குக் குளிப்பது சனிக்கிழமை மட்டும். பொடுகு குறையவில்லை, வெள்ளையாக உதிர்ந்தது மஞ்சளாக ஒட்டிக்கொண்டது. காதின் பின்புறம் சிவந்தது. "இன்னும் கொஞ்சம் எண்ணெய்" என்றேன்.

ஒரு மாதம் கழித்து மகள் தன் அம்மாவிடம், முடியை ஒட்ட வெட்டிவிடச் சொல்லி அழுதாள். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காரும் பெண் பெஞ்சு மாறிப் போய்விட்டாளாம். அதன் பிறகுதான் தோல் மருத்துவரிடம் போனோம். அவர் தலையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"சார், இது வறட்சி இல்லை. எண்ணெய் தின்கிற கிருமிக்கு நீங்க தினம் சாப்பாடு போட்டிருக்கீங்க."

மருந்து ஷாம்பூ கொடுத்து, எண்ணெயை நிறுத்தச் சொன்னார். ஒரு மாதத்தில் சரியாகிவிட்டது. ஆனால் அதன் பிறகு என் மகள் தன் தலையில் கை வைக்க என்னை விட்டதே இல்லை. எண்ணெய்ப் பாட்டில் என் கையில் இருந்தால் அறையை விட்டே போய்விடுவாள்.

பாதித் தலை ஆராய்ச்சி

2019-ல் ஓய்வு பெற்றதும் வேண்டுதலுக்காகத் திருமலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டேன். கல்யாண கட்டாவில் உட்கார்ந்திருந்தபோது என்னைச் சுற்றிக் குவிந்த முடியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த முடியைத் தேவஸ்தானம் நீளவாரியாகப் பிரித்து ஏலம் விடுகிறது. ஆண்டு வருமானம் நூறு கோடி ரூபாயைத் தாண்டுகிறது. நீள முடிக்கு விலை அதிகம். அது கிடங்கில் இருந்து, கடல் கடந்து போய், யாருடைய தலையிலோ விக்காக உட்கார்கிறது. வெட்டி எத்தனையோ மாதம் ஆன பின்னும் முடி முடியாகவே இருக்கிறதே, அதற்கு யார் உணவு கொடுத்தார்கள்?

யாரும் கொடுக்கவில்லை. வெளியே தெரியும் முடி உயிரற்றது. கெரட்டின் என்னும் புரதத்தாலான நார். உயிருள்ள பகுதி தோலுக்கடியில் சில மில்லிமீட்டர் ஆழத்தில், ஒரு சிறு குழியில் இருக்கிறது. அதற்கு உணவு ரத்தத்தின் வழியே போகிறது. மேலே தடவும் எண்ணெய் வழியே அல்ல.

படித்தால் போதுமா, செய்து பார்க்க வேண்டாமா? மொட்டைத் தலை இருக்கிறது, வேலை இல்லை. மூன்று மாதம் வலப்பக்கம் மட்டும் எண்ணெய் தடவினேன். இடப்பக்கம் ஒன்றுமில்லை. பதினைந்து நாளைக்கு ஒரு தடவை ஸ்டீல் ஸ்கேலால் அளந்து நோட்டில் குறித்தேன். என் மனைவி வாசலுக்கு வந்தவர்களிடம், "அவருக்கு ரிடையர்மென்ட் ஆனதிலிருந்து இப்படித்தான்" என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூன்று மாத முடிவில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர். தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும் என்று புத்தகங்கள் சொல்வதும் அதுவே. ஒரே வித்தியாசம், வலப்பக்கம் படிந்து மெத்தென்று இருந்தது, இடப்பக்கம் முள்ளம்பன்றி. தலையணை உறையும் பாழ். ஒரு தலையை வைத்து விஞ்ஞானம் பேச முடியாது என்பது எனக்குத் தெரியும். தலையணையில் எண்ணெய் இடம் மாறியும் இருக்கும். ஆனாலும் "எண்ணெய் வேருக்குப் போய் முடியை வளர்க்கும்" என்ற என் நம்பிக்கை அந்த நோட்டோடு முடிந்தது.

அப்படியானால் எண்ணெய் வீணா?

இல்லை. இதைத்தான் எதிர்க்கட்சி அன்பர்கள் கவனிக்க வேண்டும்.

முடியின் மேற்புறம் ஓட்டு வீட்டுக் கூரை போன்றது. மெல்லிய செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். தண்ணீரில் நனையும்போது முடி குறுக்களவில் சுமார் பதினைந்து சதவீதம் உப்பும், காயும்போது சுருங்கும். இப்படி உப்பிச் சுருங்கி, ஈரத்தோடு சீப்பும் இழுத்தால் ஓடுகள் பெயரும். உள்ளிருக்கும் புரதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிக்கொண்டு போகும். முடி சொரசொரப்பாகி நுனியில் பிளப்பது இதனால்தான்.

இங்கேதான் தேங்காய் எண்ணெய் வேலை செய்கிறது. மும்பையின் மாரிக்கோ நிறுவனத்தைச் சேர்ந்த ரெலே, மொஹிலே என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் முடியில் தடவி ஒப்பிட்டு, 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். புரத இழப்பை நன்றாகக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. குளிப்பதற்கு முன் தடவினாலும் பின் தடவினாலும் பலன் இருந்தது. காரணம், தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அதன் மூலக்கூறு சிறியது, நேரானது, புரதத்தோடு ஒட்டும் குணம் கொண்டது. ஆகவே முடிக்குள் நுழைகிறது. சூரியகாந்தி எண்ணெயின் மூலக்கூறு வளைந்து பருத்திருப்பதால் வெளியிலேயே நின்றுவிடுகிறது. நல்லெண்ணெயை அந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. மாரிக்கோ தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனம் என்பதையும் மறக்கக்கூடாது. ஆனால் அவர்கள் சொன்ன காரணம் ரசாயனத்துக்குப் பொருந்தி வருகிறது.

ஆக, எண்ணெய் முடிக்குக் காவல். வேருக்கு உணவு அல்ல.

தலைத்தோலின் கதை வேறு

நம் எல்லோர் தலைத்தோலிலும் மலாசீஸியா என்ற பூஞ்சை குடியிருக்கிறது. தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே தயாரிக்க அதற்குத் தெரியாது. தோலில் சுரக்கும் எண்ணெயை உடைத்துத் தின்கிறது. தின்றது போக மிஞ்சும் ஓலிக் அமிலம் சிலருடைய தோலுக்கு ஆகாது. அவர்களுக்குத் தோல் அரித்துச் செதிலாக உதிர்கிறது. அதுதான் பொடுகு. பார்க்க வறட்சி போலத் தெரியும், உண்மையில் எண்ணெய்ப் பசையில் விளைவது. நான் ஏமாந்த இடம் அது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்தியப் பெண்கள் 140 பேரிடம் செய்து 2021-ல் வெளியான ஓர் ஆய்வில், தேங்காய் எண்ணெய் பூசியவர்களின் தலைத்தோலில் நன்மை தரும் நுண்ணுயிர்கள் பெருகியதாகக் கண்டார்கள். ஆகவே ஆரோக்கியமான தலைக்குத் தேங்காய் எண்ணெய் கெடுதல் என்று நான் சொல்லவில்லை. அரித்துச் சிவந்து மஞ்சள் செதில் ஒட்டியிருக்கும் தலைக்கு எண்ணெய் மருந்தல்ல. அதற்குக் கீட்டோகோனசோல் போன்ற மருந்து சேர்ந்த ஷாம்பூ இருக்கிறது. நுரையைச் சில நிமிடம் தலையில் விட்டுப் பிறகு அலச வேண்டும். வட்டமாக முடி கொட்டினாலோ, புண்ணோ சீழோ இருந்தாலோ மருத்துவரிடம்தான் போக வேண்டும், எண்ணெய்க் கடைக்கு அல்ல.

எண்ணெய்க்குக் கிடைத்த நல்ல பெயர்

2021-ல் என் மனைவிக்குக் கொரோனா வந்து குணமாகி, இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. திருப்பதி கடைவீதியில் ஒரு மூலிகை எண்ணெய் வாங்கி வந்தாள். விலையைக் கேட்டு எனக்கு மிச்சமிருந்த முடியும் கொட்டியிருக்கும். நாலைந்து மாதத்தில் முடி மறுபடி முளைத்தது. அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அந்த எண்ணெயைச் சிபாரிசு செய்தாள்.

கடும் காய்ச்சல், பிரசவம், பெரிய அறுவை சிகிச்சை போன்றவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் பிறகு முடி மொத்தமாக உதிர்வதும், பிறகு தானாகவே முளைப்பதும் உடம்பின் வழக்கம். உதிரும்போது எண்ணெய் வாங்குகிறோம். முளைக்கும் காலம் வந்து முளைக்கிறது. பெயர் எண்ணெய்க்கு. வண்டி வரும் நேரத்தில் கொடி அசைத்தவன், தான் அசைத்ததால்தான் வண்டி வந்தது என்று சொல்வது போல. (இந்த உதாரணத்தை வீட்டில் சொல்லவில்லை.)

பெரியவர்கள் செய்தது என்ன?

என் பாட்டி சனிக்கிழமை எண்ணெய் தேய்த்தால் சும்மா விடமாட்டாள். நல்லெண்ணெய் ஊறியதும் வெந்நீரும் சீயக்காயும் வைத்து, கண் எரிய எரிய, பிசுக்கு போகும்வரை தேய்த்து அலசுவாள். சீயக்காயில் இருக்கும் சபோனின் சோப்பு போல நுரைத்து எண்ணெயை எடுத்துவிடும். அவள் முறையில் எண்ணெய் பாதி, சீயக்காய் பாதி. நான் என் மகளுக்குச் செய்தது முதல் பாதி மட்டும்.

இத்தனைக்கும் இந்தப் பாடம் என் தொழிலிலேயே இருந்தது. ஆண்டுக்கொரு முறை குளிர் மாதங்களில் தண்டவாள இணைப்பின் ஃபிஷ் பிளேட்டைக் கழற்றிப் பூச்சு போடுவோம். பழைய அழுக்கையும் துருவையும் கம்பி பிரஷ்ஷால் சுரண்டிச் சுத்தம் செய்யாமல் மேலே பூச்சு போட்டால் அந்த ஆளைத் திட்டுவேன். வீட்டில் அதே தப்பை நானே தினமும் செய்தேன்.

இப்போது நான் சொல்லும் முறை

- எண்ணெயை நடுமுடியிலிருந்து நுனி வரை தடவுங்கள். அங்கேதான் தேய்மானம் அதிகம்.
- ஒரு டீஸ்பூன் போதும். நெற்றியில் வழிந்தால் பருவும் வரும்.
- குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்போ, முந்தைய இரவோ தடவி, பிறகு நன்றாக அலசுங்கள்.
- ஈர முடியில் நெருக்கமான சீப்பு போடாதீர்கள்.
- பொடுகு இருக்கும்போது தலைத்தோலுக்கு எண்ணெய் வேண்டாம்.
- தினம் ஐம்பது முதல் நூறு முடி உதிர்வது இயல்பு. சீப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இதையெல்லாம் மகளுக்குப் போன் செய்து சொன்னேன். "வேர்ல வைக்க மாட்டேன்மா, நுனியில மட்டும். மறுநாள் அலசிடறோம். வைக்கட்டுமா?" என்று அனுமதி கேட்டேன். அதோடு, "அன்னிக்கு உனக்குப் பண்ணினது தப்பும்மா" என்றும் சொன்னேன். கால் நூற்றாண்டு தாமதம். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "சரிப்பா" என்றாள்.

விடுமுறை முடிந்து மகள் வந்ததும் முதல் வேலையாகப் பேத்தியின் தலையை வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்தாள். என் சர்வீஸில் எத்தனையோ இன்ஸ்பெக்ஷன் பார்த்திருக்கிறேன், அன்று போல என் கை ஈரமானதில்லை. தோல் சுத்தமாக இருந்தது. ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனாள்.

மறுநாள் சனிக்கிழமை. வாசல்படியில் உட்கார்ந்து பேத்திக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். மகள் வந்து ஒரு படி கீழே உட்கார்ந்து, தன் பின்னலை அவிழ்த்துவிட்டாள்.

"நுனியில மட்டும்ப்பா" என்றாள்.