அருப்புக்கோட்டை பெர்த்துக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?

ரயில் டிக்கெட்டில் ஒரு வரி இருக்கும், கவனிச்சிருப்பீங்க. பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதத்தைத்தான் ரயில்வே வசூலிக்கிறதாம். 2022-23-க்கு அமைச்சர் மக்களவையில் சொன்ன கணக்கு இன்னும் பெரிசு: மானியம் ரூ.56,993 கோடி, 100 ரூபாய் செலவாகும் பயணத்துக்கு 54 ரூபாய்தான் வாங்குகிறார்கள்.

மிச்ச 46 ரூபாயை டெல்லி கஜானா கொடுப்பதாகத்தான் பலரும் நினைக்கிறோம். பெரும்பகுதியைக் கொடுப்பது கூட்ஸ் வண்டி. ரயில்வே ஏற்றும் சரக்கில் எடைக்கணக்கில் ஏறக்குறைய பாதி நிலக்கரி. ஒடிசா சுரங்கத்திலிருந்து பாரதீப் துறைமுகம் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து கப்பலேறி நம்ம அனல்மின் நிலையங்களுக்கு வருகிற நிலக்கரியும் அதில் சேர்த்தி. அதன் வாடகையைக் கொஞ்சம் தூக்கி வைத்துத்தான் ஸ்லீப்பர் கட்டணத்தைத் தாழ்த்தி வைத்திருக்கிறார்கள். ராத்திரி சலுகையில் படுத்து வந்தவர், பகலில் கரண்ட் பில்லில் ஒரு துளியைத் திருப்பிக் கட்டுகிறார்.

சரி, நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். விருதுநகர் - மானாமதுரை பாதை 2013-ல் அகலப்பாதை ஆனது. சென்னைக்கு சிலம்பு எக்ஸ்பிரஸ் வாரம் 3 நாள். செங்கோட்டை - தாம்பரம் வண்டியும் வாரம் 3 நாள், ஆனால் அது திருவாரூர் வழியா சுற்றிப் போகும். இந்த மானியம் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கட்டணத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. அதனால் பெர்த் கிடைத்தவருக்குத்தான் அது கிடைக்கும். வெயிட்டிங் லிஸ்டில் தொங்கிவிட்டு ஆம்னி பஸ்ஸில் முழுக் காசு கொடுத்துப் போகிற திருச்சுழிக்காரருக்குப் பூஜ்யம். தினசரி ரயில் ஓடும் மதுரைக்காரருக்கு நம்மைவிடப் பல மடங்கு.

இன்னொரு சிக்கல். ஒவ்வொரு ஸ்லீப்பர் பெட்டியும் ரயில்வேக்கு நட்டக் கணக்கு. மூன்றடுக்கு ஏசியோ தணிக்கை அறிக்கைகளில் பெரும்பாலும் லாபம் காட்டிய வகுப்பு. எதைக் கூட்டத் தோன்றும், சொல்லுங்க?

பிரான்சில் இது வேற மாதிரி. இந்த இரவு ரயிலுக்கு இவ்வளவு என்று அரசு நேரடியாகக் கொடுக்கும். அந்தப் பணத்தை நிறுத்தியதும் பாரிஸ் - வியன்னா இரவு ரயில் 2025 டிசம்பரில் நின்றே போனது. கொடூரம்தான். ஆனால் எந்த ரயிலுக்கு எவ்வளவு என்று அங்கே கேட்க முடியும். இங்கே ரயில் வாரியாக லாப நட்டக் கணக்கு வைப்பதில்லை என்பதுதான் நாடாளுமன்றத்தில் வழக்கமாக வரும் பதில்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு எண்: சிலம்பை தினசரி ஆக்கினால் ஆண்டுக்குக் கூடுதல் நட்டம் எத்தனை கோடி? 56,993 கோடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கணும்.