இட்லித் தட்டில் இருக்கும் வருஷம்

டீ ஊற்றியாகிவிட்டது; தட்டில் மக்ரூனும் இருக்கிறது. மக்ரூன் தின்ற கையோடு அந்தப் படத்தை மட்டும் தொட வேண்டாம். அதை மேசையின் அந்தப் பக்கம் சாய்த்து வைத்துவிட்டு, தூர இருந்தே கொஞ்ச நேரம் பார்ப்போம்.

சிவப்புக் கோட்டுக்காரர்கள், வேலி தாண்டும் குதிரைகள், முன்னால் ஒரு நாய்க் கூட்டம், எங்கோ ஓரத்தில் செந்நிறப் புள்ளியாக ஒரு நரி. இங்கிலாந்தின் நரி வேட்டைப் படங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஹென்றி ஆல்கன் (1785–1851) போன்ற ஓவியர்கள் வரைய, லண்டன் பதிப்பாளர்கள் அச்சிட்டு விற்றார்கள். ஊட்டியில் இருந்த வெள்ளைக்காரர்கள் வேட்டையையே கொண்டுவந்துவிட்டார்கள். இங்கிலாந்து நரி அங்கே கிடையாது என்பதால் நம் ஊர் நரியை விரட்டினார்கள். இரண்டும் வேறு விலங்குகள்; ஆங்கிலத்தில் வேறு வேறு பெயர்கள். தமிழில் இரண்டையும் நரி என்றே சொல்லிவிடுகிறோம்.

இப்போது படத்தின் அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் பார்ப்போம். இடது மூலையில் வரைந்தவர் பெயர், வலது மூலையில் வெட்டியவர் பெயர். பக்கத்தில் லத்தீனில் சுருக்கமாக ஒவ்வொரு சொல். இடப்பக்கத்தில் ‘தீட்டினார்’ என்றும் வலப்பக்கத்தில் ‘செதுக்கினார்’ என்றும் பொருள். நடுவில் பதிப்பாளர் பெயர், தெரு, தேதி. 1821 என்றோ 1839 என்றோ ஒரு வருஷம் தெரியும். அதைப் பார்த்ததும் எல்லோரும் ஒன்றையே சொல்கிறோம்: “அடேயப்பா, இருநூறு வருஷத்துப் படம்!”

நானும் முதலில் அப்படித்தான் சொன்னேன். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

பாட்டி வீட்டு இட்லித் தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கல்யாணச் சீராக வந்தது. அடியில் பெயரும் 1962 என்று வருஷமும் வெட்டியிருக்கிறது. இன்று காலை அதில் இட்லி வார்த்தோம். அந்த இட்லியை யாராவது 1962ஆம் வருஷத்து இட்லி என்பார்களா? வருஷம் தட்டுக்கு உரியது. நம் படத்தில் இருக்கும் வருஷமும் அப்படியே: அது செப்புத் தகட்டில் வெட்டிய வருஷம். தகடு இருக்கும்வரை அதிலிருந்து காகிதம் இழுத்துக்கொண்டே இருக்கலாம். ஐம்பது வருஷம் கழித்து இழுத்த காகிதத்திலும் அதே பழைய தேதிதான் விழும்.

தேதியை ஏன் அவ்வளவு கவனமாக வெட்டினார்கள்? அதற்குக் காரணம் ஒரு சட்டம். ஓவியர் வில்லியம் ஹோகார்த்தின் படங்களைப் பலர் திருட்டுத்தனமாக நகல் எடுத்து விற்றார்கள். அவரும் சக கலைஞர்களும் முறையிட்டதன் பேரில் 1735இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் படங்களுக்குப் பதிப்புரிமை கொடுத்தது. உரிமை வேண்டுமென்றால் உரிமையாளர் பெயரும் வெளியிட்ட தேதியும் ஒவ்வொரு படத்திலும் இருக்க வேண்டும். ஆக, அந்தத் தேதி வாங்குகிறவருக்காக வெட்டியது அல்ல, திருடுகிறவருக்காக வெட்டியது.

தகடு எப்படி வேலை செய்கிறது என்பதற்கும் பாத்திரக் கடைக்கே போகலாம். எவர்சில்வர் பாத்திரத்தில் பேர் வெட்டுகிறவர் புள்ளி புள்ளியாகக் குத்திக்கொண்டே போகிறார். நாளடைவில் அந்தக் குழிகளில் அழுக்கு தங்கிவிடும். மேற்பரப்பை எவ்வளவு துடைத்தாலும் எழுத்து மட்டும் கறுப்பாக நிற்கும். செப்புத் தகட்டு அச்சு என்பது இவ்வளவுதான். கோடுகளைக் குழியாக வெட்டி, தகடு முழுக்க மை பூசி, மேற்பரப்பைத் துடைத்துவிடுகிறார்கள். மை குழிக்குள் மட்டும் நிற்கிறது. ஈரக் காகிதத்தை மேலே போட்டு உருளைகளுக்கு நடுவே அழுத்தினால், காகிதம் குழிக்குள் இறங்கி மையை எடுத்துக்கொண்டு வரும். தகட்டின் விளிம்பும் காகிதத்தில் அழுந்தி, படத்தைச் சுற்றி ஒரு பள்ளக் கோடாக நிற்கும். விரல் நுனியால் தடவினால் தெரியும்.

வேட்டைப் படங்களில் வானமும் புல்வெளியும் கோடு கோடாக இல்லாமல், தண்ணீர் கலந்த மையில் தீட்டியதுபோல இருக்கின்றன அல்லவா? அந்த முறைக்கு அக்வாடின்ட் என்று பெயர். தகட்டின் மேல் குங்கிலியம் போன்ற பிசின் பொடியைத் தூவி, சூடு காட்டி ஒட்டவைத்து, அமிலத்தில் இறக்குவார்கள். பொடி ஒட்டிய இடம் தப்பிக்கும். இடைவெளிகளை அமிலம் அரிக்கும். கண்ணாடி லென்ஸை வைத்துப் பார்த்தால், தண்ணீர் வற்றிய உப்பளப் பாத்தியின் வெடிப்புப் போல நுண்ணிய வலைப்பின்னல் தெரியும். சிவப்புக் கோட்டின் நிறம் பெரும்பாலும் கையால் தீட்டியது. அங்கங்கே கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும். லென்ஸில் வலைப்பின்னலுக்குப் பதிலாக, செய்தித்தாள் படத்தில் இருப்பதுபோல வரிசை வரிசையாகச் சிவப்பு, மஞ்சள், நீலப் புள்ளிகள் தெரிந்தால், அது போட்டோ எடுத்து அச்சடித்த நகல். மேலே பார்க்க வேண்டிய தேவையே இல்லை.

இதே அக்வாடின்ட் நம் பக்கத்துக்கும் வந்திருக்கிறது. தாமஸ் டேனியலும் அவருடைய உடன்பிறந்தவர் மகன் வில்லியமும் 1792இல் திருநெல்வேலிச் சீமை வழியாகப் போனார்கள். பாபநாசம் அருவியை அவர்கள் வரைந்த படம், 1795 முதல் 1808 வரை லண்டனில் வெளிவந்த 144 படங்களின் தொகுப்பில் இருக்கிறது. அந்த அருவித் தண்ணீர்தான் தாமிரபரணியாக நம் புன்னைக்காயலில் கடலில் கலக்கிறது. எனக்கு நரி வேட்டையைவிட அந்த ஒரு படத்தின் மேல்தான் ஆசை.

சரி, புள்ளிகள் இல்லை, நல்ல அக்வாடின்ட்தான். ஆனாலும் நம் இட்லிக் கேள்வி அப்படியே இருக்கிறது: இது எப்போது வார்த்தது? செம்பு மெத்தென்ற உலோகம். ஒவ்வொரு தடவை துடைக்கும்போதும் அழுத்தும்போதும் குழிகள் கொஞ்சம் ஆழம் குறையும். முதலில் இழுத்த காகிதங்களில் நிழல் அடர்த்தியாக இருக்கும். பின்னால் வந்தவை வெளிறிப்போகும். தேய்ந்த தகட்டை மறுபடி வெட்டிச் சரிசெய்வதும் உண்டு. பதிப்பாளர் கடையை மூடினால் தகடுகள் இன்னொருவர் கைக்குப் போகும். அவரும் அச்சிடுவார், பழைய தேதியை அழிக்க அவருக்கு என்ன அவசரம்?

படம் தன் வயதைச் சொல்லாதபோது, காகிதத்தைத்தான் கேட்க வேண்டும். ரூபாய் நோட்டை வெளிச்சத்தில் தூக்கி காந்தி தெரிகிறாரா என்று பார்ப்போமே, அதே வேலை. பழைய ஆங்கிலக் காகிதத்தில் வாட்மன் போன்ற ஆலைக்காரர் பெயர் நீரெழுத்தாக இருக்கும். பல சமயம் பக்கத்தில் ஒரு வருஷமும் இருக்கும். அந்த வருஷத்தின் கதை தூத்துக்குடி ஏற்றுமதிக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். 1794இல் வந்த சட்டப்படி, ஏற்றுமதியாகும் காகிதத்துக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெற வேண்டுமென்றால் காகிதத்துக்குள்ளேயே வருஷம் இருக்க வேண்டும். நாம் ‘டிராபேக்’ என்கிறோமே, அதுதான். வரியைத் திரும்ப வாங்க எழுதியது நமக்குச் சாட்சியாக நிற்கிறது. தகட்டில் 1821, நீரெழுத்தில் 1835 என்றால், 1835க்கு முன் அந்தத் தாள் அச்சாகியிருக்க முடியாது. நீரெழுத்தில் 1820 என்றால் மனது கொஞ்சம் நிம்மதியடையலாம்; உறுதி என்று மட்டும் சொல்ல முடியாது, பழைய காகிதம் கையிருப்பில் கிடந்திருக்கலாம்.

இதனால்தான் சட்டம் போடும் கடையில் படத்தைக் கொடுக்கும்போது எனக்குப் பயமாக இருக்கும். கண்ணாடி அளவுக்குப் பொருந்தவில்லை என்று ஓரத்தை வெட்டிவிடுவார்கள். ஒருமுறை எனக்கே அது நடந்தது. தகட்டின் விளிம்புப் பள்ளம், பதிப்பாளர் வரி, நீரெழுத்தில் பாதி, எல்லாம் குப்பைக் கூடைக்குப் போய்விட்டன. படம் அப்படியேதான் இருக்கிறது. அதன் பிறப்புச் சான்றிதழ்தான் போய்விட்டது.

நம் ஊர்ப் படத்துக்கு வருவோம். 1658இல் டச்சுக்காரர்கள் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தார்கள். அடுத்த சில வருஷங்களில் டச்சுக் கம்பெனி வேலையாக இந்தக் கடற்கரைக்கு வந்தவர் யோஹன் நியூஹோஃப். அவருடைய பயணநூல் ஆம்ஸ்டர்டாமில் 1682இல் வந்தது. அதற்குப் பத்து வருஷம் முன்பே மடகாஸ்கரில் கரை இறங்கியவர் திரும்பவே இல்லை. அந்த நூலில் தூத்துக்குடியின் படம் இருக்கிறது. லண்டனில் சர்ச்சில் என்ற பதிப்பாளர்கள் அந்த நூலை 1704இல் ஆங்கிலத்தில் தங்கள் பயணத் தொகுப்பில் சேர்த்தார்கள். அந்தத் தொகுப்பு 1732, 1744, 1752 என்று மறுபடி மறுபடி வந்தது. இட்லித் தட்டு கை மாறிக்கொண்டே போகிறது, பாருங்கள். 1735க்கு முன் வெட்டிய தகடு என்பதால் தேதி வரியைத் தேடவும் வழியில்லை. எனவே “1682ஆம் வருஷத்து தூத்துக்குடி” என்று யாராவது விற்றால், முதலில் எழுத்து டச்சா ஆங்கிலமா என்று பார்ப்போம். பிறகு காகிதத்தை வெளிச்சத்தில் பிடிப்போம். அந்தக் காலத்துக் காகிதத்தில் பத்தமடைப் பாயின் கோரை போல நெருக்கமான வரிகள் ஓட வேண்டும். வரியே இல்லாத வழவழப்பான காகிதம் 1750களில்தான் இங்கிலாந்தில் வந்தது. படத்தில் கோபுரம் தெரிந்தால் பனிமய மாதா கோயில் என்று சொல்லவும் அவசரப்பட வேண்டாம். இப்போதுள்ள கோயில் 1713இல் கட்டியது. நியூஹோஃப் அதைப் பார்த்திருக்க முடியாது.

இந்தப் படங்களில் நடுவே மடிப்பும், ஓரத்தில் தைத்த ஓட்டைகளும் இருந்தால் புத்தகத்திலிருந்து பிரித்தது என்று அர்த்தம். ஏற்கெனவே பிரிந்து கிடப்பதை வாங்கிக் காப்பாற்றுவது வேறு. முழுப் புத்தகத்தைக் கிழித்துத் தாள் தாளாக விற்பது எனக்கு மனசுக்கு ஒப்பவே இல்லை. அப்படி ஒன்று கண்ணில் பட்டால், முடிந்தால் புத்தகமாகவே வாங்குங்கள்; முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

கடைசியாக, நம் கடற்காற்று. தாளில் துருநிறத்தில் புள்ளி புள்ளியாக விழுகிறதே, அதற்கு ஆங்கிலத்தில் ‘ஃபாக்ஸிங்’ என்று பெயர்; நரியின் நிறம். ஈரப்பதம்தான் அதற்குத் தீனி. வெளிச்சுவரில் மாட்டாமல் உள்சுவரில் மாட்டலாம். கண்ணாடி தாளைத் தொடாமல் நடுவில் அட்டை மவுண்ட் வைக்கலாம். அட்டை அமிலம் இல்லாததாக இருக்க வேண்டும். லேமினேஷன் மட்டும் வேண்டவே வேண்டாம், திரும்ப உரிக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் ஒருமுறை இறக்கிப் பின்பக்கம் பாருங்கள். இராமபாணப் பூச்சி அங்கேதான் ஒளிந்திருக்கும்.

டீ ஆறிவிட்டது. கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் வாருங்கள். அதற்குள் சட்டத்தின் பின்னால் இருக்கும் ஆணிகளை நான் கழற்றி வைக்கிறேன்.