மாட்டு நெஞ்சில் கேட்கும் மூன்றாவது சத்தம்



சில வருஷங்களுக்கு முன் ஒரு கிராமத்தில் ஒரு பெரியவர் தன் பசுவைக் காட்டி, "பத்து நாளா பால் குறைஞ்சு போச்சுங்க. இப்போ தாடையும் நெஞ்சும் வீங்குது" என்றார். என்னோடு வந்த கால்நடை மருத்துவர், மாட்டின் இடது முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு, "நீங்களும் கேளுங்க" என்று என்னிடம் கொடுத்தார். அரைக் குடம் தண்ணீரைக் குலுக்குகிற மாதிரி 'சளக் சளக்' என்று கேட்டது. அதற்குள் நோய் முற்றிவிட்டது. ஒரு வாரத்தில் மாடு போய்விட்டது.

அது என்ன சத்தம்? அதற்கு முதலில் நல்ல இதயத்தின் சத்தத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். இதயமும் ஒரு பம்ப் செட்தான். கீழறைகள் சுருங்கும்போது, மேலறைக்கு ரத்தம் திரும்பிப் போகாமல் வால்வுகள் மூடுகின்றன. அது 'லப்'. ரத்தத்தைத் தள்ளிவிட்டுக் கீழறைகள் தளரும்போது, பெரிய ரத்தக் குழாய்களின் வாயில் உள்ள வால்வுகள் மூடுகின்றன. அது 'டப்'. மோட்டாரை நிறுத்தியதும் ஃபுட் வால்வு மூடிக்கொள்கிற மாதிரிதான் இதுவும். லப்புக்கும் டப்புக்கும் நடுவே இடைவெளி குறைவு. டப்புக்கு அப்புறம் அடுத்த லப் வரை இடைவெளி அதிகம். அந்த நேரத்தில்தான் இதயம் ரத்தத்தால் நிரம்புகிறது. ஓய்வாக நிற்கும் பெரிய பசுவுக்கு நிமிஷத்துக்கு ஏறக்குறைய 60 முதல் 80 துடிப்பு.

இதற்கு மேல் ஒரு சத்தம் கேட்டால், 'எப்போது கேட்கிறது?' என்பதைத்தான் மருத்துவர் முதலில் பார்ப்பார். டப் முடிந்த உடனே கேட்டால், அது ரத்தம் வேகமாகக் கீழறைக்குள் பாய்கிற சத்தம். லப்புக்குச் சற்று முன் கேட்டால், மேலறை கடைசியாக ஒரு தள்ளு தள்ளுகிற சத்தம். குதிரையில் இவை ஆரோக்கியமாக இருக்கும்போதே கேட்பதுண்டு. ஆகவே கூடுதல் சத்தம் எல்லாமே நோய் அல்ல. லப்புக்கும் டப்புக்கும் நடுவே 'உஸ்' என்று இழுத்தால், வால்வு ஒழுகுகிறதோ, குறுகிவிட்டதோ என்று சந்தேகிக்கலாம். எது லப் என்று எப்படித் தெரியும்? நெஞ்சில் உள்ளங்கையை வைத்தால், இதயம் வந்து இடிக்கிற நேரம்தான் லப்.

அந்தப் பெரியவரின் பசுவுக்குக் கேட்டது வேறு வகை. மாடு தீவனத்தைச் சரியாக மெல்லாமல் விழுங்கும். அதோடு கட்டுக்கம்பி, ஆணி, டயர் எரித்த சாம்பலில் கிடக்கும் மெல்லிய கம்பி எல்லாம் உள்ளே போகும். கனமான பொருள் தேன்கூடு போன்ற இரண்டாவது இரைப்பையில் தங்கும். அதற்கும் இதயத்துக்கும் நடுவே உதரவிதானம் என்ற ஒரு தசைத் திரைதான். இரைப்பை சுருங்கச் சுருங்கக் கம்பி முன்னால் நகர்ந்து, இதயத்தின் உறையைக் குத்தும். முதலில் உறை உரசும் சத்தம் கேட்கும். சீழ்நீர் சேர்ந்தால் லப்-டப் அமுங்கிப்போகும். அதில் வாயுவும் கலந்தால் 'சளக் சளக்' தான். அந்த நிலையில் மருந்து பெரும்பாலும் பலிப்பதில்லை.

அதனால் சத்தம் வரும்வரை காத்திருக்காதீங்க. திடீரென்று பால் குறைவது, தீனி எடுக்காதது, முதுகை வளைத்து நிற்பது, முழங்கைகளை விரித்து நிற்பது, மேட்டிலிருந்து இறங்கத் தயங்குவது, படுக்கும்போது முனகுவது: இவற்றைக் கண்டால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். சினைமாட்டை இன்னும் கவனமாகப் பாருங்கள். வயிறு பெருத்து அழுத்தும்போதும், கன்று ஈனும்போது முக்கும்போதும் கம்பி முன்னால் நகரலாம்.

கூரையோ பந்தலோ பிரித்தால் கம்பித் துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள். போகிக்கு டயர் எரிக்காதீங்க. இரும்பைப் பிடித்துவைக்கும் காந்தத்தை மாட்டுக்கு விழுங்கக் கொடுக்கும் முறையும் உண்டு. அதை மருத்துவர் கையால்தான் செய்ய வேண்டும்.

ஒரு முழக் கம்பியைக் குனிந்து பொறுக்கினால், ஒரு மாடு பிழைக்கும்.