ஊர் திரும்பிய கண்டி வாட்கள்

புத்தூர், சித்தூர்த் தமிழர்களுக்கு வேலூர் என்றால் ஆஸ்பத்திரி நினைவுதான் முதலில் வரும். அதே வேலூரில், பாலாற்றங்கரை முத்து மண்டபத்தில், கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன் நினைவாகக் கல்லறை இருக்கிறது. 1815-ல் ஆங்கிலேயர் அவரைப் பிடித்து, பிறகு வேலூர்க் கோட்டையில் வைத்தனர். 1832-ல் அங்கேயே காலமானார்.

அவர் நாயக்கர் வம்சத்தவர். அதே வம்சத்துக் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் ஆண்டபோது, 1765-ல் டச்சுப் படை கண்டி அரண்மனையைச் சூறையாடியது. தங்க வாள், வெள்ளி வாள், கத்தி, இரண்டு பெருந்துப்பாக்கிகள், பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்த சிறு பீரங்கி ஆகியவை ஹாலந்து போய்ச் சேர்ந்தன.

சிங்களவரின் 'கஸ்தானை' வாளைப் பார்த்தால் கைவேலை புரியும். பிடியில் சிங்க முகம். கைக்காப்பில் நம் கோயில் யாளியை நினைவூட்டும் மகர முகங்கள். பிற்காலத்தில் அது வெட்டுவதற்கல்ல, பிரதானிகளின் பதவிக்கு அடையாளம்.

258 ஆண்டுகளுக்குப் பின், 2023-ல் டச்சு அரசு அந்த ஆறு பொருள்களையும் இலங்கைக்குத் திருப்பிக் கொடுத்தது. கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்துக்கு அவை வந்துவிட்டன. நாடு கடத்தப்பட்ட மன்னர்தான் திரும்பவே இல்லை. வேலூர் போகிறவர்கள் முத்து மண்டபத்துக்கும் ஒரு நடை போய் வரலாம்.