படுக்கைக்கே வரும் எம்.ஆர்.ஐ.

மூளை மலேரியாவில் நினைவிழந்த குழந்தைகள் ஏன் இறக்கிறார்கள் என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. ஆப்பிரிக்காவில், மலாவியின் பிளான்டையர் நகரிலுள்ள குயின் எலிசபெத் மத்திய மருத்துவமனையில் மருத்துவர் டெர்ரி டெய்லர் குழுவினர் 168 குழந்தைகளுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். இறந்தவர்கள் 25 பேர். அவர்களில் 21 பேருக்கு மூளை கடுமையாக வீங்கியிருந்தது. பிழைத்த 143 பேரில் அந்த அளவு வீக்கம் 39 பேருக்குத்தான். வீங்கிய மூளை கீழே மூளைத்தண்டுப் பகுதியை அழுத்த, மூச்சு நின்றுவிடுகிறது. பிழைத்தவர்களுக்கு அடுத்தடுத்து எடுத்த படங்களில் வீக்கம் வடிந்திருந்தது. 2015-இல் வெளியான இந்த ஆய்வு, படம் பார்ப்பது எவ்வளவு முக்கியம் என்பதைப் புரியவைத்தது.

ஆனால் படம் எடுப்பது லேசுப்பட்ட காரியமா? வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தையை ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோவதே பெரும்பாடு. சாதாரண சிரிஞ்ச் பம்புகளைக் காந்தத்தின் அருகே விட முடியாது. மருந்துக் குழாய்களை நீட்டிப் பம்புகளைத் தள்ளி நிறுத்த வேண்டும். வென்டிலேட்டரையும் மாற்ற வேண்டும். வழியில் சுவாசக் குழாய் நழுவினால் லிஃப்டுக்குள்ளேயே சமாளித்தாக வேண்டும். அதனால், யாருக்கு அவசரமோ அந்தக் குழந்தைக்கே ஸ்கேன் தள்ளிப்போகிறது.

கைக்குழந்தை என்றால் உச்சிக்குழி வழியே அல்ட்ராசவுண்ட் பார்க்கலாம். பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் உச்சிக்குழி மூடிவிடும்; பிறகு அந்த வழி இல்லை.

அமெரிக்காவில் 2020-இல் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கட்டுப்படுத்தும் எஃப்.டி.ஏ. அமைப்பின் அனுமதி பெற்ற 'ஸ்வூப்' இங்கேதான் கைகொடுக்கிறது. ஹைப்பர்ஃபைன் நிறுவனம் தயாரித்த சக்கரம் வைத்த எம்.ஆர்.ஐ. இது. திரவ ஹீலியம் வேண்டாம். சுவரிலுள்ள சாதாரண பிளக்கே போதும். காந்த வலிமை 0.064 டெஸ்லா. வழக்கமான கருவிகளில் அது 1.5 அல்லது 3 டெஸ்லா. கட்டிலின் தலைமாட்டில் கருவியை நிறுத்தி, குழந்தையின் தலையை மட்டும் உள்ளே நகர்த்துகிறார்கள். நர்ஸ் பக்கத்திலேயே நிற்கலாம்.

படம் மங்கல்தான், மென்பொருள் எவ்வளவு துலக்கினாலும். சின்னப் பாதிப்புகள் கண்ணில் படாமல் போகலாம். வலிப்புக்கான நுண்ணிய காரணத்தைத் தேட பெரிய கருவியே வேண்டும். ஆனால் நடுராத்திரியில் ஐ.சி.யூ. மருத்துவருக்குத் தெரிய வேண்டியவை வேறு: ரத்தம் கசிந்திருக்கிறதா, நீர் தேங்கியிருக்கிறதா, மூளை வீங்குகிறதா? வீக்கம் ஏறுகிறதா, வடிகிறதா என்பது ஒரே படத்தில் தெரியாது. கருவி படுக்கையோரத்தில் இருந்தால் மறுநாளும் எடுத்துப் பார்க்கலாம். ஆனால் படத்தைப் படித்துச் சொல்லும் ரேடியாலஜிஸ்டும் அந்நேரத்துக்குக் கிடைக்க வேண்டும். பல ஊர்களில் கருவியைவிட அவர்தான் அரிது.