பிஸ்கட் டப்பாவுக்குள் தண்ணீர் எங்கே போகிறது?

1991இல் லண்டனில் ஒரு வரித் தீர்ப்பாயம் விசித்திரமான கேள்வி ஒன்றை விசாரித்தது. ஜாஃபா கேக் என்னும் தின்பண்டம் கேக்கா, பிஸ்கட்டா? அடியில் மெத்தென்ற கேக், அதன்மேல் ஆரஞ்சு ஜெல்லி, மேலே சாக்லேட் பூச்சு. பிரிட்டனில் கேக்குக்கு மதிப்புக் கூட்டு வரி இல்லை. சாக்லேட் பூசிய பிஸ்கட்டுக்கு உண்டு. அளவு, சேர்மானம், கடையில் எந்த அலமாரியில் விற்கிறது என்றெல்லாம் அலசிய தீர்ப்பாயம், ஓர் அறிவியல் உண்மையையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. பழசானால் கேக் இறுகும், பிஸ்கட் நமத்துப்போகும். ஜாஃபா கேக் இறுகியது. தயாரித்த நிறுவனம் வழக்கில் வென்றது.

இரண்டுமே மாவு, சர்க்கரை, கொழுப்பு. அப்படியிருக்க, ஒன்று ஏன் இறுகுகிறது, மற்றொன்று ஏன் தளர்கிறது? இதற்கு விடை தெரிந்தால், டிசம்பரில் அமெரிக்க வீடுகளில் எழும் ஒரு குழப்பம் பாதி தீரும்.

அங்கே கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் நண்பர்களோ, அக்கம்பக்கத்தாரோ, உடன் வேலை பார்ப்பவர்களோ கூடி ‘குக்கீ பரிமாற்றம்’ நடத்துவார்கள்; குக்கீ என்பது பிஸ்கட்டுக்கு அவர்கள் சொல்லும் பெயர். ஒவ்வொருவரும் ஒரே ஒரு வகையை நிறையச் சுட்டுக் கொண்டுவர வேண்டும். பத்துப் பேர் சேர்ந்து, ஆளுக்கு அரை டஜன் என்று பேசிக்கொண்டால் ஒருவர் சுட வேண்டியது 60. வீடு திரும்பும்போது கையில் பத்து வகை இருக்கும். ஆனால் அந்தப் பத்தும் பெரும்பாலும் ஒரே டப்பாவில் அடைபட்டு, பண்டிகை வரை காத்திருக்கும். ஆகவே எதைச் சுடுவது என்று யோசிப்பவர், அடுப்பிலிருந்து இறங்கும்போது எது ருசிக்கும் என்று மட்டும் பார்த்தால் போதாது. மற்ற ஒன்பதோடு ஒரு வாரம் கிடந்த பிறகு அது என்னவாக இருக்கும் என்றும் பார்க்க வேண்டும்.

ஈரத்தின் அளவும் அதன் சுதந்திரமும்

ஒரு பண்டத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது வேறு; அதில் எவ்வளவு தண்ணீர் நினைத்தபடி நடமாட முடியும் என்பது வேறு. சம்பளம் எவ்வளவு என்பதற்கும், கடன் தவணை போகக் கையில் நிற்பது எவ்வளவு என்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. சர்க்கரையும் உப்பும் தண்ணீர் மூலக்கூறுகளைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. எஞ்சிய சுதந்திரத்தை உணவு அறிவியலார் ‘நீர்ச் செயல்பாடு’ என்ற எண்ணால் அளக்கிறார்கள். சுத்தமான தண்ணீருக்கு அது 1. ரொட்டிக்குச் சுமார் 0.95. தேனில் நூற்றுக்குப் பதினேழு பங்கு தண்ணீர் இருந்தும், அதன் எண் 0.6 அளவில்தான் நிற்கிறது. மொறுமொறுப்பான குக்கீக்கு 0.2 முதல் 0.3 வரை.

உணவு கெடுவதைத் தீர்மானிப்பது மொத்த ஈரம் அல்ல, இந்த எண்தான் என்பதை 1950களில் ஆஸ்திரேலிய நுண்ணுயிரியலாளர் வில்லியம் ஜேம்ஸ் ஸ்காட் நிறுவினார். பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.91க்குக் கீழே வளர்வதில்லை. 0.6க்குக் கீழே பூஞ்சணம் உட்பட எதுவும் வளராது. உலர்ந்த குக்கீ வெளியிலேயே வாரக்கணக்கில் தாங்குவதும், பாலாடைக்கட்டி நிரப்பிய இனிப்புக்குக் குளிர்பெட்டி தேவைப்படுவதும் இதனால்தான். பரிமாற்றத்துக்குக் கொண்டுபோகும் பண்டம் மேசைமேல் மணிக்கணக்கில் இருக்கும், பிறகு காரில் பயணிக்கும். எனவே கிரீம், கஸ்டர்ட் வகைகளை முதல் சுற்றிலேயே விலக்கிவிடலாம்.

இதே எண் இன்னொன்றையும் சொல்கிறது. அடைத்த டப்பாவில் தண்ணீர் எப்போதும் எண் அதிகமான பொருளிலிருந்து குறைவான பொருளுக்கே போகும். இரண்டும் சமமாகும் வரை நிற்காது. அமெரிக்கப் பாட்டிமார், இறுகிப்போன குக்கீ டப்பாவில் ஒரு ரொட்டித் துண்டைப் போட்டு மூடிவைப்பார்கள். மறுநாள் குக்கீ மென்மையாகி, ரொட்டி வறட்டியாகியிருக்கும். மென்மையான இஞ்சிக் குக்கீயையும் மொறுமொறுப்பான வெண்ணெய்க் குக்கீயையும் ஒரே டப்பாவில் அடுக்கினாலும் நடப்பது இதுவே. இரண்டு நாளில் இஞ்சிக் குக்கீ காய்ந்துவிடும், வெண்ணெய்க் குக்கீ நமத்துவிடும். நீர்ச் செயல்பாடு 0.4ஐத் தாண்டிவிட்டால் பெரும்பாலான மொறுமொறுப்புகள் விடைபெறத் தொடங்கும்.

காற்றுக்கும் இந்தக் கணக்கில் பங்குண்டு. டிசம்பரில் வெப்பமூட்டிய அமெரிக்க வீட்டின் காற்று மிக உலர்ந்தது. அங்கே திறந்த தட்டில் வைத்தால் மென்மையான குக்கீதான் முதலில் கெடும். அதே டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை பெய்யும் சென்னையில் தட்டில் வைத்த எந்த மொறுமொறுப்பும் சாயங்காலத்துக்குள் நமத்துவிடும். ஒரு தட்டில் முறுக்கையும் அதிரசத்தையும் ஒட்டி வைத்து அடுத்த வீட்டுக்குக் கொடுத்தவர்கள் இந்த விதியைப் பெயர் தெரியாமலே சந்தித்திருப்பார்கள்.

கேக் ஏன் இறுகுகிறது?

ரொட்டி காய்வதால்தான் இறுகுகிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1852இல் பிரெஞ்சு வேதியியலாளர் ழான் பத்தீஸ்த் பூசிங்கோ, காற்றுப் புகாமல் அடைத்த ரொட்டியும், அதாவது ஈரத்தை இழக்காத ரொட்டியும், இறுகுவதைக் காட்டினார். காரணம் மாவுச்சத்து. ரொட்டியும் கேக்கும் வேகும்போது மாவுச்சத்து மணிகள் நீரை உறிஞ்சி உப்பிக் குழைகின்றன. ஆறிய பிறகு அந்த மூலக்கூறுகள் மெல்ல மெல்லப் படிக ஒழுங்குக்குத் திரும்ப, பண்டம் விறைக்கிறது.

குக்கீ மாவில் தண்ணீர் கொஞ்சம். அதையும் சர்க்கரை பிடித்துக்கொள்கிறது. ஆகவே அதிலுள்ள மாவுச்சத்து பெரும்பாலும் உப்பாமலே வேகிறது. உப்பாதது திரும்பி விறைப்பதும் இல்லை. குக்கீயின் பதத்தைத் தீர்மானிப்பது சர்க்கரைதான். வெள்ளைச் சர்க்கரை ஆறும்போது இறுகி மொறுமொறுப்பைத் தருகிறது. தேனிலும் வெல்லப்பாகிலும் உள்ள ஃபிரக்டோஸ் படிகமாக மறுத்து, ஈரத்தை இழுத்துவைத்துக்கொண்டு மென்மையைத் தருகிறது. முட்டை வெண்கருவும் சர்க்கரையும் சேர்ந்த மெரிங்கு இன்னும் நுட்பமானது. அதில் சர்க்கரை கண்ணாடியைப்போல ஒழுங்கற்ற திடநிலையில் நிற்கிறது. சிறிது ஈரம் பட்டாலே இளகிப் பிசுபிசுத்துவிடும். கலப்பு டப்பாவுக்கு அதைவிடப் பொருத்தமற்ற பண்டம் குறைவு.

சிக்கு வாடையும் திருட்டு வாசனையும்

தண்ணீருக்கு அடுத்த கவலை கொழுப்பு. வால்நட் கொழுப்பில் ஏறத்தாழ 70 விழுக்காடு, ஒன்றுக்கு மேற்பட்ட இரட்டைப் பிணைப்புகள் கொண்ட கொழுப்பு அமிலங்கள். ஆக்சிஜன் தாக்குவது இவற்றைத்தான். பாதாமிலும் ஹேசல்நட்டிலும் மேலோங்கியிருப்பது ஒரே ஓர் இரட்டைப் பிணைப்பு மட்டும் உள்ள ஒலியிக் அமிலம். அது பல மடங்கு மெதுவாகவே சிக்கு வாடை அடிக்கும். பல நாள் இருக்க வேண்டிய குக்கீக்கு வால்நட்டைவிடப் பாதாம் நம்பகமானது. ‘காய்ந்திருந்தால் எல்லாம் நல்லது’ என்ற எண்ணத்தையும் கொழுப்பு பொய்யாக்குகிறது. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் தியோடர் லபுசா 1970களை ஒட்டி வகுத்த வரைபடத்தில், நீர்ச் செயல்பாடு மிகமிகக் குறைந்தால் கொழுப்பு கெடும் வேகம் மறுபடி ஏறுகிறது.

கொழுப்புக்கு இன்னொரு குணமும் உண்டு: அது வாசனைத் திருடன். புதினாவின் மெந்தால் எளிதில் ஆவியாகும், கொழுப்பில் நன்றாகக் கரையும். ஒரே டப்பாவில் புதினாக் குக்கீ இருந்தால், சில நாளில் பத்து வகையும் புதினாவாகிவிடும்.

ஆறிய பிறகு வரும் விரிசல்

முழுசாக அடுப்பிலிருந்து வந்த பிஸ்கட் சில மணி நேரம் கழித்துத் தானாக விரிசல் விடுவதுண்டு. சூட்டில் விளிம்பு அதிகம் காய்கிறது, நடுவில் ஈரம் தங்குகிறது. ஆறும்போது அந்த ஈரம் விளிம்பை நோக்கி நகர, விளிம்பு உப்பி நடு சுருங்கும். இந்த இழுபறியில் மயிரிழை விரிசல் விழும். 2003இல் இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தார் லேசர் ஒளியைக் கொண்டு இந்த நுண்ணிய அசைவுகளை அளந்தார்கள். பயணத்தில் உடைவதற்குக் குலுக்கல் மட்டும் காரணமில்லை. அகலமான, மெல்லிய வடிவங்களைவிடச் சிறிய, சற்றுத் தடித்த வடிவங்கள் நல்லது. தடிமன் இன்னொரு விதத்திலும் உதவும்: ஈரம் ஊடுருவ ஆகும் நேரம் தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. இரண்டு மடங்கு தடித்தால் நமத்துப்போக நான்கு மடங்கு நேரம்.

அப்படியானால் எதைச் சுடலாம்?

இத்தனை தேர்விலும் தேறும் முதல் ஆள் ஸ்காட்லாந்தின் ஷார்ட்பிரெட். ஒரு பங்கு சர்க்கரை, இரண்டு பங்கு வெண்ணெய், மூன்று பங்கு மாவு என்பது அதன் மரபுக் கணக்கு. முட்டையோ பாலோ கிடையாது. வெண்ணெயில் சுமார் 80 விழுக்காடு கொழுப்பு. அது மாவுத் துகள்களைப் போர்த்தி, குளூட்டன் இழையாகப் பின்னுவதைத் தடுக்கிறது. தடிமனாகச் சுடலாம், வாசனையால் அண்டை அயலைக் கெடுக்காது. முன்கூட்டியே சுட்டு உறைபெட்டியில் வைத்தாலும் கெடாது. எடுத்தபின் மூடியைத் திறக்காமலே அறை வெப்பத்துக்குக் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் காற்றின் ஈரம் அதன்மேல் படியும்.

நவம்பரிலேயே தொடங்க முடிந்தவருக்கு ஜெர்மனியின் தேன் குக்கீயான லெப்குக்கன். அடுப்பிலிருந்து இறங்கும்போது பல்லை உடைக்கும். டப்பாவில் ஓர் ஆப்பிள் துண்டோடு அடைத்துவைத்தால், தேன் ஈரத்தை மெல்ல இழுத்து மென்மையாகும். மசாலாவும் ஊறி இணங்கும். பூஞ்சணம் வராதிருக்க ஆப்பிளை அடிக்கடி மாற்ற வேண்டும். காட்டுத் தேனும் வணிகப் பாதைகளின் மசாலாவும் சந்தித்த நூரம்பெர்க் நகரம் இதற்குப் பேர்போனது. மெல்லிய வகைகளை உப்பவைக்க அம்மோனியம் கார்பனேட் சேர்ப்பதும் உண்டு. அடுப்பில் அம்மோனியா முழுதும் ஓடிவிடும் அளவுக்கு அவை மெல்லியவை என்பதால்தான் அது செல்லுபடியாகிறது. ஈரமான கேக்கில் சேர்த்தால் அந்த வாயு தண்ணீரிலேயே தங்கி நாறும்.

மென்மையான சாக்லேட் துண்டுக் குக்கீயைத்தான் கொண்டுபோவேன் என்று அடம்பிடிப்பவரும் போகலாம், தனி டப்பாவில் அல்லது தனித்தனி உறையில். பரிமாற்றம் நடத்துபவர் செய்யக்கூடிய உருப்படியான காரியம், ‘மொறுமொறுப்பு’, ‘மென்மை’ என்று இரண்டு பட்டியல் போட்டு, வந்தவர்களிடம் ஆளுக்கு இரண்டு டப்பா கொண்டுவரச் சொல்வது. புதினா கொண்டுவருபவருக்கு மூன்றாவது டப்பா.