உரோமை வழிபாட்டிசை திருந்திய வரலாறு

பழமை வாய்ந்த இசையைத் திருத்தப் புகுவோர் இலக்கணத்தை அளவுகோலாகக் கொள்வதா? ஏட்டைச் சான்றாகக் கொள்வதா? இவ்வினா கத்தோலிக்கத் திருச்சபையில் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நிலவியது.

கிரகோரியார் இசை எனப்படும் இலத்தீன் வழிபாட்டிசை, 590 முதல் 604 வரை போப்பாண்டவராக இருந்த முதலாம் கிரகோரியாரின் பெயரால் வழங்குவது. அவரே அதனை இயற்றினார் என்பது மரபுவழிக் கதை. உரோமைப் பாடல்முறையும் பிராங்கியர் நாட்டுப் பாடல்முறையும் எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் கலந்து உருவாயிற்று என்பதே ஆராய்ச்சியாளர் கருத்து. மிகப் பழைய ஏடுகளிலுள்ள குறிகள் குரல் ஏறுவதையும் இறங்குவதையும் காட்டுமேயன்றி, இன்ன சுரம் என்று காட்டா. பாடுவோர் மெட்டினை நினைவிலே வைத்திருந்தனர்.

பதினாறாம் நூற்றாண்டின் இலத்தீன் புலவர்கள் இவ்விசையில் ஒரு குறை கண்டனர். 'தோமினுஸ்' என்னும் சொல்லில் அழுத்தம் முதலசைக்கு உரியது. பழம்பாடல்களிலோ அழுத்தமற்ற அசைகளிலும் நீண்ட சுரக்கோவைகள் வந்தன. இதனை மொழிப்பிழை என்றனர் புலவர். 1577இல் பதின்மூன்றாம் கிரகோரியார், பலஸ்திரீனா, சோயிலோ என்னும் இரு இசைவாணரிடம் திருத்தப் பணியை ஒப்படைத்தார். ஸ்பெயின் நாட்டிலிருந்து எதிர்ப்பு எழவே அம்முயற்சி நின்றது. பின்னர், அனேரியோவும் சொரியானோவும் திருத்திய 'மெதிச்சி பதிப்பு' 1614, 1615ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. அதில் நீண்ட சுரக்கோவைகள் வெட்டப்பட்டன. எஞ்சியவை அழுத்தமுள்ள அசைகளுக்கு மாற்றப்பட்டன. மொழி திருந்தியது, இசை மெலிந்தது. இப்பதிப்பைத் தழுவிய நூல்களை ஜெர்மனியின் ரேகன்ஸ்புர்க் நகரப் பதிப்பகம் ஒன்று 1871 முதல் வெளியிட்டது. அதற்கு உரோமை 30 ஆண்டுத் தனியுரிமை வழங்கியிருந்தது.

இதற்கு மறுப்பு, பிரான்ஸ் நாட்டின் சொலேம் மடத்திலிருந்து எழுந்தது. 1833இல் கெராஞ்சே அடிகள் புதுப்பித்த மடம் அது. அங்குள்ள துறவியர் பழைய ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கினர். பொத்தியே அடிகளின் பாடல் நூல் 1883இல் வெளிவந்தது. 1889இல் மொக்கரோ அடிகள் ஏடுகளை ஒளிப்படமாகவே அச்சிடத் தொடங்கினார். ஒரே பாடலை இருநூறுக்கு மேற்பட்ட ஏடுகளிலிருந்து எடுத்து அடுத்தடுத்து வைத்தார். நாடும் நூற்றாண்டும் வேறாயினும் மெட்டு பெரும்பாலும் ஒத்திருப்பதைக் கற்றோர் கண்ணாரக் கண்டனர். வெட்டப்பட்டவை பிற்காலப் பிழைகள் அல்ல, பழம்பாடலின் உறுப்புகளே என்பது தெளிவாயிற்று.

1903இல் பத்தாம் பயஸ் பழைய இசையை மீட்குமாறு ஆணையிட்டார். 1904இல் அமைந்த குழுவிலோ சொலேம் அறிஞர் இருவரும் மாறுபட்டனர். மிகப் பழைய ஏடே சான்று என்றார் மொக்கரோ. நூற்றாண்டுகளாகப் பாடிவந்தோர் வழக்கும் மரபே என்றார் பொத்தியே. பொத்தியேயின் கருத்தே மேலோங்க, பாடல் நூல் 1908இல் வெளிவந்தது.

1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிரகோரியார் இசைக்கு முதலிடம் தந்ததாயினும், தாய்மொழி வழிபாட்டுக்கும் வழிவிட்டது. அதன்பின் பல ஆலயங்களில் இலத்தீன் பாடல் அருகியது. ஆராய்ச்சியோ நிற்கவில்லை. 1979இல் வெளிவந்த பதிப்பொன்று, அச்சிட்ட சுரவரிக்கு மேலும் கீழும் இருவகைப் பழைய ஏடுகளின் குறிகளையும் சேர்த்துத் தந்தது. தீர்ப்பைப் பாடுவோரிடமே விட்டது அப்பதிப்பு.

மெதிச்சி பதிப்பாரும் தூய்மையையே நாடினர். ஆயின், தம் காலத்து இலக்கணத்தால் முற்காலத்தை அளந்தனர். பழம்பொருளில் பிழை காண்போர், அது பிழைதானா என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும் என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடம்.